இடப்பக்கத்து வரிசை

எங்கள் உறவில் ஒரு கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்த கையோடு ஒருவர் வேர்க்கடலை மண்டிக்குப் போய்வருவார். "அன்னிக்கு உங்களுக்குத் தோதுப்படுமா?" என்று அவரிடம் கேட்டாக வேண்டும். தோதுப்படாது என்று அவர் சொன்னதால் ஜோசியரிடம் வேறு நாள் கேட்டவர்களும் உண்டு. அவர் தாலி எடுத்துக் கொடுக்கப்போவதில்லை. பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கப்போகிறார், அவ்வளவுதான்.

அவர் என் அக்காவின் கணவர். மண்டியில் தரகு வேலை. மூட்டைக்குள் கையை விட்டு நாலு காயை எடுத்து உடைத்துப் பார்த்து விலை சொல்வார். அந்த வேலையில் அவருக்குப் பெரிய பெயர் எதுவும் இல்லை. பெயரெல்லாம் பந்தியில்தான். கூலிக்குப் போகிறவர் அல்ல, யாரும் தாம்பூலத்துக்கு மேல் கொடுத்ததும் இல்லை. ஆனால் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றி, வாளியை இடக்கையிலும் கரண்டியை வலக்கையிலும் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாரென்றால், மணமேடையில் இருக்கிற மாப்பிள்ளைக்குக்கூட அந்த மிடுக்கு இராது. அது அவருக்கும் தெரியும். "வேட்டியில ஒரு சொட்டு பட்டிருந்தா காட்டு, மண்டிய எழுதி வெக்கறேன்" என்று பந்தி முடிந்ததும் எல்லாரிடமும் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்.

எதிரெதிராக இரண்டு வரிசை உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் ஒரு வரிசையை முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போவார்கள். அவர் நடுவில் நடந்துகொண்டே இந்தப் பக்கம் ஒரு கரண்டி, அந்தப் பக்கம் ஒரு கரண்டி என்று இரண்டு பக்கமும் ஊற்றிக்கொண்டு போவார். நிற்கவே மாட்டார். யார் சோற்றில் குழி பறித்து வைத்திருக்கிறார்கள், யார் வெட்கப்பட்டுக் குனிந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும். யாரும் வாய் திறந்து கேட்கக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

"கேட்டு வாங்கனா அது பிச்ச. கேக்கறதுக்கு முன்னாடி வந்தா அதான் பந்தி."

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். பரிமாறுகிறவர்கள் யாரும் வந்த வழியே திரும்பக்கூடாது. சமையல்கட்டு வாசல் வழியாக நுழைந்து, பந்தியைக் கடந்து, முன்வாசல் வழியாக வெளியேறி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடியும் சமையல்கட்டுக்கு வர வேண்டும். திரும்பினால் ரசம் கொண்டுவருகிறவனும் கூட்டு கொண்டுபோகிறவனும் நடுவில் முட்டிக்கொள்வார்களாம். "பந்தியும் கிரிவலம் மாரிதான்டா. எதிர்ல வந்தா பாவம்" என்பார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்தச் சட்டத்தைப் பின்னால் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால்தான் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அவரைச் சாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பந்தியில் அவர் ஒரு கொடுங்கோலர். ஒரு கல்யாணத்தில் எங்கள் கல்லூரி முதல்வர் சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் இலையின் குறுக்கே கையை வைத்துப் போதும் என்று காட்டினார். இவர் கரண்டியோடு நின்றார். "கைய எடுங்க சார். கைமேல ஊத்தனா சுடும்" என்றார். முதல்வர் கையை எடுத்துவிட்டார். நான் அங்கே விலங்கியல் விரிவுரையாளன். மறுநாள் கல்லூரிக்குப் போகவே கூச்சமாக இருந்தது.

இன்னொரு தடவை, பேருந்து முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணம். பந்திக்கு முன்னால் முதலாளி இவரைத் தனியாக அழைத்து, "முன்னாடி உக்கார்றவங்க எல்லாம் ஆபீசருங்க. அவங்களுக்கு வடை ரெண்டா போடுங்க, பின்னாடி ஒண்ணு போதும்" என்றார். இவர் தலையாட்டிவிட்டு வந்தார். எல்லா இலைக்கும் ஒரே வடை. முன்வரிசையில் ஒருவர், இன்னொன்று என்று விரலைக் காட்டியபோது, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "இங்க எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. ஜாஸ்தி வேணும்னா நாளைக்கு எங்க வூட்டுக்கு வாங்க, எங்க வூட்டுக்காரி சுட்டுப் போடுவா" என்றார். முதலாளி அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. ஆனால் அடுத்த மகள் கல்யாணத்துக்கும் மண்டிக்கு ஆள் அனுப்பினார்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை சொல்வார். சின்ன வயதில் ஒரு பந்தியில் தன்னை எழுப்பிவிட்டார்கள் என்பார். இன்னொரு நாள், அதெல்லாம் இல்லை, உன் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது எனக்குப் பாயசம் வைக்க மறந்துவிட்டாள், அந்த ஆத்திரம்தான் என்பார். அக்கா உள்ளே இருந்து, "பாயசம் அன்னிக்குப் பண்ணவே இல்ல. கேசரிதான்" என்பாள்.

எனக்கு வேலை கிடைக்காமல் இருந்த காலத்தில் கல்யாணங்களுக்குப் போகவே பிடிக்காது. என்ன பண்றே, என்ன பண்றே என்று கேட்பார்கள். அவர் என்னை விடமாட்டார். கடைசிப் பந்தியில் சமையல்காரர்களும் இலை எடுக்கிறவர்களும் உட்காரும்போதுதான் அவரும் சாப்பிடுவார். அப்போது என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள். "இங்க குந்து மச்சான். இங்க பசி மட்டுந்தான் பேசும்" என்பார். அந்தக் கடைசிப் பந்திகளில் சாப்பிட்ட சோற்றை நான் மறந்துவிட்டேன் என்பதைத்தான் இனி சொல்ல வேண்டும்.

என் மூத்த மகள் பட்டப்படிப்பை முடித்த வருஷம் அவரும் அக்காவும் தட்டோடு வந்தார்கள். அவர்கள் மகனுக்கு அவள் முறைப்பெண். பையன் அப்பாவோடு மண்டியில் இருந்தான். நல்ல பையன். நான் மறுத்துவிட்டேன். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிறக்கிற பிள்ளைகளுக்குக் குறை வரலாம் என்று, வகுப்பில் சொல்வதைப்போல விளக்கினேன். அறிவியல் அதைத்தான் சொல்கிறது. ஆனால் என் மனதில் இருந்தது அறிவியல் இல்லை. என் மகளுக்கு ஒரு இன்ஜினியர் மாப்பிள்ளை வேண்டும் என்று இருந்தது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "வாத்தியாரு சொன்னா சரிதான்" என்று எழுந்தார். அக்காதான் வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். ஆரணிப் பக்கம் ஒரு இன்ஜினியரே கிடைத்தார். முகூர்த்தம் குறித்ததும் நானே மண்டிக்குப் போனேன். "வாளிய வேற எவன் தூக்குவான்?" என்றார் அவர்.

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு நாள் காலையில் மண்டியில் தலைவலி என்று மூட்டைமேல் உட்கார்ந்தவர் வாந்தி எடுத்தார். பிள்ளை ரிக்‌ஷாவில் வைத்து டாக்டரிடம் அழைத்துப்போனான். செய்தி கேட்டு நானும் ஓடினேன். டாக்டர் இரண்டு கையையும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார், நேராக நீட்டினார். பேச்சு கொஞ்சமும் குழறவில்லை. ரத்தக்கொதிப்பு இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா என்னை ஓரமாக இழுத்து, "தம்பி, பக்கவாதமா இருக்குமாடா? எங்க மாமனாரு அதுலதான் போனாரு" என்று கேட்டாள்.

"பக்கவாதம்னா வாய் கோணிக்கும், கை விழுந்துடும், பேச்சு போயிடும். இவருக்கு எதுவும் இல்லியே. பித்தமா இருக்கும்க்கா" என்று நான் சொன்னேன். குடும்பத்தில் படித்தவன் நான். உயிர்களின் உடலைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன். மூளையின் அடியில் ரத்தக்குழாய்கள் வளையமாகச் சேர்ந்து கிளை பிரிவதைக் கலர் சாக்பீஸில் அழகாக வரைவேன். நான் சொன்னபிறகு அக்கா வேறு யாரிடமும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவரிடம் சில வேடிக்கைகள் தெரிந்தன. வேடிக்கை என்றுதான் அப்போது சொன்னோம். கன்னத்தில் ஒரு பக்கம் மழித்து, மறுபக்கம் தாடியோடு மண்டிக்கு வந்தார். பிள்ளை சொன்னதற்கு, "மழிச்சாச்சே, கண்ணு தெரில உனக்கு?" என்று தாடையைத் தடவிக் காட்டினார். தடவியது மழித்த பக்கத்தை. நிலைப்படியில் இடது தோள் இடித்துக்கொண்டது. இடது காலில் செருப்பு இல்லாமலே கடைத்தெரு வரைக்கும் போனார். கல்யாண வேலை மும்முரத்தில் யாரும் இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு காலை எல்லாரும் கிரிவலம் போனோம். மலை வலப்பக்கம் இருக்கும். நாம் சாலையின் இடது ஓரமாக நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலது ஓரம் சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற பாதை என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அவர் அன்றைக்குப் போகப்போக வலப்பக்கமே ஒதுங்கிக்கொண்டு போனார்.

"ஏங்க, சித்தருங்க போற வழிங்க அது. இந்தப் பக்கம் வாங்க" என்றாள் அக்கா.

"அவங்க நகுந்துக்குவாங்க" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். கூட வந்த பெரியவர் ஒருவர் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மலையத் தவிர ஒண்ணியும் தெரில அவருக்கு. பக்குவம் வந்துடுச்சி" என்றார். நாங்கள் அதையும் ஒத்துக்கொண்டோம்.

கல்யாணம் தேரடித் தெருவை ஒட்டிய ஒரு மண்டபத்தில் நடந்தது. முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. காற்றாடி ஓடுகிற வரிசையாகப் பார்த்து நானே அவர்களை உட்கார வைத்தேன். சமையல்கட்டிலிருந்து வருகிறவருக்கு அது இடப்பக்கத்து வரிசை. எதிரே, வலப்பக்கத்தில், எங்கள் வீட்டாரும் என் கல்லூரி நண்பர்களும். சோறு வந்தது, பருப்பு வந்தது, நெய்யும் வந்தது. இவர் வாளியோடு நுழைந்தார்.

வலப்பக்கத்து வரிசைக்கு ஊற்றிக்கொண்டே போனார். இந்தப் பக்கம் ஒரு கரண்டி, அடுத்து அதே பக்கம் ஒரு கரண்டி. முன்வாசல் வழியாக வெளியேறி, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்தார். மறுபடியும் வலப்பக்கம். வந்த வழியே திரும்பியிருந்தால் அந்த வரிசை அவருக்கு வலப்பக்கமாக வந்திருக்கும். அவருடைய சட்டம் அவரைத் திரும்பவிடவில்லை. சாம்பார் வாளியை அவர் இருக்கும்போது வேறு யாரும் தொடுகிற வழக்கமும் இல்லை. வேட்டியின் இடப்பக்கம் முழங்கால் வரைக்கும் சாம்பார் சிந்தி மஞ்சளாகியிருந்தது. அதை நான் பார்த்தேன். அலட்சியம் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பருப்புச் சோற்றைத் தின்றுவிட்டு, "இந்தாங்க, சாம்பார் இங்க வரல" என்று கூப்பிட்டார். இவர் நின்றார். குரல் வந்தது இடப்பக்கத்திலிருந்து. இவர் வலப்பக்கம் திரும்பி, என் கல்லூரி நண்பர் இலையில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

"கேட்டீங்களே சார், ஊத்திக்குங்க."

"நான் கேக்கலியே" என்றார் நண்பர். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

தாய்மாமன் எழுந்துவிட்டார். "ஓகோ, பொண்ணு வூட்டுக்குத்தான் சாம்பாரா? நாங்க வெறுஞ்சோறு துன்னவா ஆரணிலேந்து வந்தோம்?" அந்த வரிசையே இலையிலிருந்து கையை எடுத்தது. பந்தியிலிருந்து ஒருவர் எழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு என் நிலைமை புரியும். என் மகள் கழுத்தில் தாலி ஏறி இன்னும் மாலைகூட வாடவில்லை.

நான் ஓடிவந்தேன். "மாமா, இந்த வரிசைக்கு ஏன் ஊத்தல?"

"எந்த வரிச? எல்லாருக்கும் ஊத்திட்டனே. ஒருத்தருக்கும் வுடல மச்சான், நீயே பாரு" என்று கரண்டியால் காட்டினார். வலப்பக்கத்து வரிசையைக் காட்டினார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அந்தக் கள்ளமில்லாத முகம்தான் என்னை எரித்தது. நாற்பது பேர் கண்ணெதிரே இப்படி ஒரு மனிதர் பொய் சொல்வாரா? அவர் ஏன் இதைச் செய்கிறார் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மறுத்து அனுப்பிய தட்டு என் மனதில் அன்றுவரை உறுத்திக்கொண்டிருந்தது. என் உறுத்தலை அவர் கணக்கில் எழுதிவிட்டேன்.

"கண்ணுக்கு எதிர்ல பொய் சொல்றீங்களா? உங்க புள்ளைக்குப் பொண்ணு குடுக்கலன்னு பந்தியிலயா வந்து தீத்துக்கறீங்க? இது பந்தி வஞ்சன. இனிமே வாளியத் தொடாதீங்க."

ஒரே பந்தியில் ஒருவருக்கு இட்டு இன்னொருவருக்கு இடாமல் விடுவதைத்தான் பந்தி வஞ்சனை என்போம். எங்கள் பக்கத்தில் திருட்டைக்கூட மன்னிப்பார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள். அந்தச் சொல்லை நான் சபையில் சொன்னேன், அவரைப் பார்த்து. வாளியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"வஞ்சனையா? நானா?" என்றார். நான் நின்றது அவருடைய இடப்பக்கம். அவர் என்னைப் பார்க்கவில்லை. வலப்பக்கம் திரும்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்த என் நண்பரிடம், "நானா சார்?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் தாய்மாமன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி உட்கார வைத்து, அந்த வரிசைக்கு நானே ஊற்றினேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்றார்கள். அக்கா சாப்பிடாமலே அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு யார் வீட்டுப் பந்திக்கும் அவர் போகவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. மண்டியைப் பிள்ளை பார்த்துக்கொண்டான். வேங்கிக்காலில் அவர்கள் வீடு. கல்லூரிக்குப் போகிற பேருந்து அந்த வழியாகத்தான் போகும். சில வருஷங்கள் நான் பேருந்தில் மறுபக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து போனேன்.

புகுமுக வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவன் சென்னையில் நரம்பு மருத்துவனாக இருந்தான். எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை தீபத்துக்கு வந்தவன் என்னைப் பார்க்க வந்தான். கீழ்ப்பெண்ணாத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். பேச்சுவாக்கில், எங்கள் கல்லூரிக் கணக்கர் ஒருவர் பக்கவாதத்தில் தள்ளாடி நடப்பதைச் சொல்லி, கை கால் விழவில்லையே, இது எப்படிப் பக்கவாதம் என்று கேட்டேன்.

"சார், நம்ப ஏரி மாதிரிதான். ஒவ்வொரு மதகுக்கும் தனித்தனி கழனி. எந்த மதகு அடைச்சுக்குதோ அந்தக் கழனிதான் காயும்" என்றான். கணக்கருக்குப் பின்கழுத்து வழியாக மூளைக்கு ஏறுகிற குழாய் அடைத்திருக்கும், அது தள்ளாட்டம், மயக்கம், விழுங்க முடியாமை என்று காட்டும், குடித்திருக்கிறான் என்றுகூட நினைப்பார்கள் என்றான். பக்கவாட்டுக் குழாய் இடப்பக்கம் அடைத்தால் பேச்சு போகும், வலது கை போகும். முன்பக்கத்துக் குழாய் என்றால் கால் இழுக்கும், சிலருக்கு எதிலும் மனசே போகாது. ஆகக் கடைசியில் மூளையின் பின்பக்கத்துக்குப் போகிற குழாய், அது பார்வையில் கை வைக்கும். நான் மாணவனைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதுல விநோதம் ஒண்ணு இருக்கு சார். வலப்பக்கத்து மூளையில பக்கவாட்டுக் குழாயோட பின்கிளை மட்டும் அடைச்சா, வாய் கோணாது, கை விழாது, பேச்சு நல்லா இருக்கும். ஆனா உலகத்துல இடது பாதி அவங்களுக்கு இல்லாமப் போயிடும். தட்டுல வலது பாதியத்தான் சாப்பிடுவாங்க. ஒரு பக்கந்தான் மழிப்பாங்க. இடப்பக்கம் நின்னு கூப்பிட்டா வலப்பக்கம் தேடுவாங்க. கேட்டா ஒண்ணும் இல்லியேம்பாங்க. பொய் இல்ல சார். அது போனதே அவங்களுக்குத் தெரியாது."

அவன் இன்னும் ஏதோ சொன்னான். எனக்குக் காதில் விழவில்லை. "நானா சார்?" என்று என் நண்பரிடம் கேட்ட குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாளே வேங்கிக்காலுக்குப் போனேன். அக்கா என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே, "வலது கைப் பக்கமா நின்னு பேசு. இல்லன்னா தெரியாது அவருக்கு" என்றாள். அவள் அதை எந்த மருத்துவனிடமும் கேட்கவில்லை. இலையில் இடப்பக்கம் வைத்ததெல்லாம் அப்படியே கிடக்க, கூட்டு வைக்கவில்லையா என்று அவர் கேட்டதிலிருந்து புரிந்துகொண்டிருக்கிறாள். "பாதி சாப்பிட்டதும் இலையைத் திருப்பி வெப்பேன்டா தம்பி. நுனி வலப்பக்கம் வந்துடும். கருமாதிக்குப் போடறா மாரி இருக்கும். மொத மொத அப்படித் திருப்பனப்போ தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கினேன். இப்போ பழகிப்போச்சி."

அவர் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். இளைத்திருந்தார். வலப்பக்கமாகப் போய் நின்றேன். "வா வாத்தியாரே" என்றார், நேற்றுத்தான் பார்த்ததுபோல. நான் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படித்தவன் மன்னிப்புக் கேட்டால் எப்படி இருக்கும்? அதுவும் விளக்கமாகத்தான் இருந்தது. மூளையில் ஒரு குழாய் அடைத்திருக்கிறது, அதனால்தான் அந்த வரிசை உங்களுக்குத் தெரியவில்லை, உங்கள்மேல் தப்பில்லை என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு முகம் மாறியது.

"அப்போ நான் வுட்டுட்டேன்னுதான் நீ இன்னும் சொல்ற."

"இல்ல மாமா, உங்களுக்குத் தெரியாம—"

"தெரியாம வுடறதுக்கு நான் இன்னா குருடனா? எனக்கு ஒண்ணியும் இல்ல. நான் எல்லாருக்கும் ஊத்தனேன். அன்னிக்கும் சபையில சொன்ன, இன்னிக்கு வூட்டுக்கே வந்து சொல்றியா?"

எந்த உண்மை அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்குமோ, அந்த உண்மையை ஏற்கிற இடமே அவருக்குள் காய்ந்துபோயிருந்தது. நான் இரண்டாவது தடவையும் அதே பழியைத்தான் சுமத்தியிருக்கிறேன், இந்தத் தடவை அன்பாக. அக்கா சமையலறை வாசலில் நின்று, போதும் என்று எனக்குத் தலையசைத்தாள்.

"சாப்பாட்டு நேரத்துல வந்தவங்கிட்ட இன்னா பேச்சு? எலய போடட்டுமா?" என்றாள்.

அந்தக் கேள்வி அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. துண்டை உதறித் தலையில் சுற்றிக்கொண்டார். "நீயும் குந்து. நான் போடறேன்" என்றார் அக்காவிடம்.

சமையலறையில் சுவரை ஒட்டி இரண்டு இலை போட்டாள். ஒன்றில் என்னை உட்காரச் சொன்னாள், மற்றதில் அவள் உட்கார்ந்தாள். அவர் எங்கள் எதிரே நின்று பரிமாறினார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். சாம்பாரைக் கரண்டியில் அள்ளிக் குழியில் சரியாக இறக்கினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் என் இலையில் வந்து விழுந்தது. அக்காவின் இலையில் அவள் தெளித்த தண்ணீர் மட்டும் நின்றது.

அவர் நிமிர்ந்தார். "எல்லாருக்கும் ஆச்சா?"

"ஆச்சுங்க" என்றாள் அக்கா.

என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, நீ சொல்லு. யாருக்காச்சும் வுட்டனா?"

"இல்ல மாமா" என்றேன். "யாருக்கும் வுடல. அன்னிக்கும் வுடல."

"அதான" என்றார். அவர் முகத்தில் பழைய மிடுக்கு வந்து ஒரு நொடி நின்றது. வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மோர் எடுத்துவரப் பின்கட்டுக்குப் போனார். சபையில் சொன்னதை ஒரு சமையலறையில், ஒரே ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு, திரும்ப எடுத்துக்கொண்டேன். ஆரணிக்காரர்கள் யாருக்கும் நான் அதைச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர் இறந்தபோது வந்திருந்தார்கள், அப்போதும் சொல்லவில்லை.

அவர் அந்தப் பக்கம் போனதும், இன்னும் கை வைக்காத என் சோற்றில் பாதியை எடுத்து அக்காவின் இலையில் வைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு வலப்பக்கம் விழுகிற இடம், தினமும் அவர் பரிமாறும்போது அவள் உட்காருகிற இடம். அன்றைக்கு அதை எனக்குக் கொடுத்திருந்தாள்.

"சீக்கிரம் வை. வந்துடுவாரு" என்றாள்.

மோர்ச் சொம்போடு அவர் திரும்பியபோது நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.